கண்ணுக்குப் புலப்படாத எழுத்துக்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையிலே கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் கற்றறிந்தோர் பேசக் கேட்டு, கடைசி வரிசையில் அமர்ந்து கைதட்டியவன் நான். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பார்சல் புத்தகங்களோடும் ரசீதுகளோடும் காலந்தள்ளி வருபவன். இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை. எனினும் நமது காரியதரிசி அவர்கள், “நீர் இவ்வாண்டு பட்ட அவதியையே பேசும், பலருக்கும் பயன்படும்” என்று கட்டளையிட்டபடியால் உங்கள் முன் வந்து நிற்கிறேன். அந்த அவதி வேறு எவராலும் விளைந்ததன்று. என்னால் விளைந்ததே. அதனை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நமது சங்கத்தின் சகாய நிதியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. மாதச் சந்தா தவறாமல் செலுத்தி வரும் அங்கத்தினர் எவரேனும் காலமானால், அவருடைய குடும்பத்துக்கு உடனடிச் செலவுக்கென்று ஒரு தொகை அளிக்கப்படுகிறது. நெடுங்காலமாக அந்தக் கணக்கு நீளமான சிவப்பு அட்டைப் புத்தகத்தில் இருந்தது. அதைக் கணிப்பொறியில் ஏற்ற வேண்டுமென்று தீர்மானமாயிற்று. பாதிப் பெயர்களை நான் ஆபீஸ் நேரத்திற்குப் பின் கணிப்பொறியிலே அடித்தேன். மீதியை நமது இளைஞர் இருவர் தத்தம் கைப்பேசியிலேயே அடித்து அனுப்பினார்கள். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகச் சேர்த்து, அகர வரிசைப்படுத்தி, பழைய புத்தகத்தை அலமாரியில் பூட்டிவிட்டேன். பெருங்காரியம் முடித்துவிட்டதாக எனக்கு ஓர் எண்ணம்.

சில மாதங்கள் சென்றன. நம் காலனியில் குடியிருந்த ஓர் அங்கத்தினர் காலமானார். அவருடைய மனைவியார் சங்க அறைக்கு வந்தார்கள். அன்னாரின் பெயரை இங்கே நான் கூறப்போவதில்லை. அது ஸ்ரீ என்ற எழுத்தில் தொடங்கும் பெயர் என்பது மட்டும் நம் கதைக்குப் போதும். நான் கணிப்பொறியின் முன் அமர்ந்து அப்பெயரை அடித்துத் தேடினேன். ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்று யந்திரம் பதில் சொல்லிற்று. நானும் அதையே அந்த அம்மாளிடம் சொன்னேன். “அம்மா, பட்டியலில் பெயர் இல்லை. சந்தா நின்றுபோயிருக்கலாம்” என்றேன். அவர்கள் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்கள். இரண்டாம் முறை வந்தபோதும் அதே தேடல், அதே விடை. மூன்றாம் முறை வரும்போது ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தார்கள். நூலால் கட்டிய ரசீதுகள். “தம்பி, இவையெல்லாம் நீங்கள் எழுதியவைதானே?” என்று கேட்டார்கள்.

என் கையெழுத்து! ஒவ்வொரு ரசீதிலும், தொகைக்குப் பின்னால் ‘மட்டும்’ என்று எழுதி, மிச்சமுள்ள இடத்தில் கோடிழுத்து, கீழே என் ஒப்பம். வெற்றிடத்தைக் கோடிட்டு அடைக்காமல் ரசீது கொடுப்பதில்லை என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். காலி இடத்தில் எவன் எதை நுழைப்பானோ என்ற அச்சம். அந்த அச்சத்தைக் காகிதத்தோடு நிறுத்திக்கொண்டு, கணிப்பொறியிடம் முழு நம்பிக்கை வைத்துவிட்டேன்.

அன்றிரவு பட்டியலை வீட்டிற்குக் கொண்டுபோய், தேடுவதை விட்டுவிட்டு, முதல் வரியிலிருந்து கண்ணாலேயே படித்துக்கொண்டு வந்தேன். அப்பெயர் அங்கேதான் இருந்தது! முழுமையாக, பிழையின்றி. ஆனால் தேடினால் மட்டும் அகப்படவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது. கல்லூரியில் படிக்கும் என் மகளை அழைத்துக் காட்டினேன். அவள் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “அப்பா, நீங்கள் அடிக்கிற ஸ்ரீ வேறு, பட்டியலில் இருக்கிற ஸ்ரீ வேறு” என்றாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இம்மி வேற்றுமையில்லை.

அன்பர்களே! அன்றைய இரவு என் மகளிடமும், அதன் பின் பல நாள் நானாகவும் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

கணிப்பொறிக்கு எழுத்து என்பது தெரியாது. எண் மட்டுமே தெரியும். உலகத்து மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு யூனிகோட் என்று பெயர். 1991ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. நமது ரிசர்வேஷன் சார்ட்டை எண்ணிக்கொள்ளுங்கள். 2944 முதல் 3071 வரையில் 128 இருக்கைகள் தமிழுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன. எல்லா இருக்கைகளிலும் ஆள் ஏறிவிடவில்லை. ககரத்துக்கு 2965. ரகரத்துக்கு 2992. புள்ளிக்கு 3021. காலுக்கு 3006. 247 எழுத்துக்களுக்கும் தனித்தனி இருக்கை இல்லை. உயிரும் அகரமேறிய மெய்யும் குறிகளும் அமர்ந்திருக்கின்றன; அவை சேர்ந்து மற்ற எழுத்துக்களை உண்டாக்குகின்றன.

இப்பொழுது ஸ்ரீயைப் பாருங்கள். அது தனி எழுத்துப் போலத் தோன்றினாலும் நான்கு எண்களின் கூட்டு. நான் கணிப்பொறியில் அடித்தது 3000, 3021, 2992, 3008. அதாவது ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. இளைஞரின் கைப்பேசி அடித்தது 2998, 3021, 2992, 3008. முதல் எண் மட்டும் வேறு. அந்த 2998 என்பது ஶ என்னும் கிரந்த எழுத்து. வடமொழியில் அச்சொல்லின் முதலெழுத்து அதுவேயாதலால் அப்படி அடிப்பதும் குற்றமன்று. ஆனால் ஶ என்ற எழுத்து யூனிகோடில் 2005ஆம் ஆண்டுதான் சேர்ந்தது. அதற்கு முன்னரே உலகமெங்கும் ஸகரத்தைக் கொண்டு ஸ்ரீ எழுதிப் பழகிவிட்டார்கள். ஆகவே இரண்டு வழக்கும் நிலைத்துவிட்டன. சில விசைப்பலகைகள் ஒன்றைத் தருகின்றன, சில மற்றொன்றைத் தருகின்றன. எழுத்துருக்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஒரே வடிவமாகவே வரைந்து காட்டுகின்றன. மனிதக் கண்ணுக்கு ஒரே பெயர். யந்திரத்துக்கு இரண்டு மனிதர்கள். அவர்களில் ஒருவர் சந்தா கட்டியவர், மற்றவர் கட்டாதவர்!

இது ஸ்ரீயோடு நிற்கவில்லை. பட்டியலைச் சோதிக்கத் தொடங்கியபோது பூதங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கௌரி என்று பெயருடைய தாய்மார்கள் நம்மில் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் கௌரி, மீதிப் பேர் கெளரி. நான் இரண்டு முறை ஒன்றையே சொன்னதாக நீங்கள் எண்ணலாம். முதலாவதில் ஒளகாரக் குறி 3020 என்ற ஒரே எண்ணாக இருக்கிறது. பெயர் முழுவதற்கும் நான்கு எண்கள். இரண்டாவதில் ஒற்றைக் கொம்பு 3014, அதற்குப் பின் ளகரம் 2995. பெயருக்கு ஐந்து எண்கள். யந்திரம் அதனைக் ‘கெ-ள-ரி’ என்றுதான் படிக்கும். ஔவையார் கதியும் இதுதான். ஒகரமும் ளகரமும் சேர்த்து அடிக்கப்பட்ட ஒளவையாரை, ஔ என்னும் ஒரே எழுத்தால் தேடுகிறவன் ஆயுள் முழுதும் தேடினாலும் காணமாட்டான். (சற்று முன் ‘ஒளகாரக் குறி’ என்று நானே ளகரம் போட்டு அடித்திருப்பதை அச்சுப்படி திருத்தும்போது என் மகள் கண்டுபிடித்தாள். பழக்கம் எளிதில் போவதில்லை என்பதற்குச் சாட்சியாக அதனை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.)

கொ, கோ முதலியவற்றிலும் இந்தத் தொல்லை உண்டு. ஒகரக் குறிக்கு 3018 என்று ஓர் எண். அதையே கொம்பும் காலுமாகப் பிரித்து 3014, 3006 என்றும் எழுதலாம். இவ்விரண்டும் ஒன்றே என்று யூனிகோட் விதி கூறுகிறது. விதி இருக்கிறது, எல்லாச் செயலிகளும் அதன்படி நடப்பதில்லை. நம் நாட்டில் வேறு பல விதிகளுக்கும் அதுவே நிலையாதலால் நாம் வியப்பதற்கில்லை.

இதுவரை சொன்னவை மாறுவேடம் போட்ட எழுத்துக்கள். இனி, வேடமே இல்லாத, உருவமே இல்லாத எழுத்துக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் தந்தையார் இரயில்வேயில் தந்தி அடித்தவர். “தந்தியிலே சப்தத்தைக் கேட்பவன் பாதிக் குமாஸ்தா, மௌனத்தையும் கேட்பவன்தான் முழுக் குமாஸ்தா” என்பார். மோர்ஸ் முறையில் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று மாத்திரை மௌனம், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு மாத்திரை மௌனம். அந்த அளவு தவறினால் இரண்டு சொல் ஒன்றாகிவிடும். பின்னர் டெலிபிரிண்டர் வந்தது. அதில் ஒரு வரி முடிந்ததும் இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். அச்சுத் தலை இடப்பக்கம் திரும்ப வேண்டும். காகிதம் ஒரு வரி மேலே நகர வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி ஆணை. 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் எண் வரிசையில் முன்னதற்கு 13, பின்னதற்கு 10 என்று எண் கொடுத்தார்கள். மணியடிக்க 7. தாவல் இடைவெளிக்கு 9. அழிப்பதற்கு 127. இந்த 127க்கு ஓர் அழகான காரணம் உண்டு. துளையிட்ட காகித நாடாவிலே ஒருமுறை போட்ட துளையை மூட முடியாதல்லவா? ஆகவே தவறான எழுத்தின்மேல் ஏழு துளைகளையும் போட்டுவிடுவார்கள். ஏழும் துளையாயிருந்தால் அது 127. யந்திரம் அதை இல்லையென்றே கருதிக் கடந்து போகும்.

டெலிபிரிண்டர்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. நம் நாட்டுத் தந்திச் சேவையே 2013ஆம் ஆண்டு ஜூலையில் மூடப்பட்டது. ஆனால் அந்த 13ம் 10ம் இன்றைக்கும் உங்கள் கைப்பேசிக்குள்ளும் கணிப்பொறிக்குள்ளும் உட்கார்ந்திருக்கின்றன. விண்டோஸ் கணிப்பொறியில் வரி முடிவுக்கு இரண்டும் சேர்ந்து வரும். யூனிக்ஸ் வழிவந்தவற்றில் 10 மட்டும் வரும். அங்கே எழுதிய கடிதத்தை விண்டோஸின் நோட்பேடில் திறந்தால் எல்லா வரிகளும் ஒரே நீள வரியாகக் காட்சியளித்த காலம் உண்டு. 2018இல்தான் அந்தக் குறை தீர்ந்தது.

எனக்கு அதிகத் தொல்லை கொடுத்தது 160 என்ற எண். சாதாரண இடைவெளிக்கு 32. ‘இங்கே வரியை உடைக்காதே’ என்று சொல்லும் இடைவெளிக்கு 160. இணையப் பக்கங்களிலிருந்து எதையாவது படியெடுத்து ஒட்டும்போது இந்த 160ம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும், செருப்பில் தார் ஒட்டுவது போல. நம் மாணவர் ஒருவர் ஓர் உதவித் தொகைக்கு விண்ணப்பிக்கும்போது, தம் பதிவு எண்ணை வேறோரிடத்திலிருந்து படியெடுத்து ஒட்டினார். எண் சரி, கடைசியில் ஒரு 160. ‘இந்த எண் செல்லாது’ என்றது யந்திரம். அந்தப் பிள்ளை மூன்று நாள் சாப்பிடாமல் அலைந்தது எனக்குத் தெரியும். கணக்குத் தாளில் உபரி இடைவெளிகளை நீக்கும் ‘டிரிம்’ என்ற கட்டளை இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அது 32ஐ நீக்கும், 160ஐத் தொடாது.

160க்காவது ஓரெழுத்து அகலம் உண்டு. 8203 என்று ஒன்று இருக்கிறது, அதற்கு அகலமே கிடையாது. சொல்லின் நடுவில் உட்கார்ந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. சில கோப்புகளின் தலையில் 65279 என்று ஒன்று மறைந்திருக்கும். பட்டியலின் முதற்பெயர் மட்டும் தேடினால் அகப்படவில்லையென்றால் அவரைச் சந்தேகிக்கலாம்.

சரி, இவற்றைக் காண்பது எப்படி?

டெக்ஸ்ட் எடிட்டர் என்று சொல்லப்படும் எழுதும் செயலிகளில் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற செயலி இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ‘வியூ’ என்ற பட்டியலில் ‘ஷோ சிம்பல்’, அதனுள் ‘ஷோ ஆல் காரக்டர்ஸ்’ என்பதை அழுத்தினால், இடைவெளிகள் புள்ளிகளாகவும், தாவல்கள் அம்புகளாகவும், வரி முடிவுகள் சின்னஞ்சிறு கறுப்புக் கட்டங்களாகவும் வெளிப்படும். வேர்டு செயலியில், கண்ட்ரோலையும் ஷிஃப்டையும் அழுத்திக்கொண்டு 8ஐத் தட்டினால் போதும். சாதாரண இடைவெளிக்குப் புள்ளி, 160க்கு ஒரு சிறு வட்டம். நான் அதைத் தட்டிய அன்று, நம் பட்டியல் அம்மை கண்ட முகம் போலப் புள்ளியும் வட்டமுமாகக் காட்சியளித்தது. விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற செயலியோ 2021 முதல் இப்படிப்பட்ட சந்தேக எழுத்துக்களைத் தானாகவே கட்டமிட்டுக் காட்டுகிறது.

ஆனால் இவை பெரும்பாலும் வெற்றிடங்களைக் காட்டுமேயன்றி, ஸ்ரீ, கௌ முதலிய வேடதாரிகளைக் காட்டமாட்டா. அவர்களைப் பிடிக்க எண்ணைக் கேட்க வேண்டும். எக்ஸெல் கணக்குத் தாளில் ‘யூனிகோட்’ என்றே ஒரு கட்டளை உண்டு. அது சொல்லின் முதலெழுத்தின் எண்ணைச் சொல்லும். 3000 என்றால் ஒரு ஸ்ரீ, 2998 என்றால் மற்றது. ‘லென்’ என்ற கட்டளை எத்தனை எண்கள் என்று எண்ணிச் சொல்லும். கௌரிக்கு நான்கு வந்தால் சரி. ஐந்து வந்தால் ளகரம் புகுந்திருக்கிறது, அல்லது வாலில் 160 தொங்குகிறது.

கட்டளை ஒன்றும் அறியாத தாய்மார்களும் செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. இதை நானாகக் கண்டுகொண்டேன் என்பதில் எனக்குச் சிறிது பெருமை. பெயரின் படி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து அழித்துக்கொண்டே வாருங்கள். பெரும்பாலான செயலிகளில் ஒரு தட்டுக்கு ஓர் எண்தான் அழியும். ஸ்ரீயில் ஈகாரக் குறி போகும், பிறகு ரகரம் போகும், பிறகு புள்ளி போகும். கடைசியில் தனியே நிற்பவர் ஸகரமா ஶகரமா என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். கௌவை ஒருமுறை தட்டினால் ககரம் மட்டும் மிஞ்ச வேண்டும். கெ என்று மிஞ்சினால் ளகரம் அகப்பட்டுக்கொண்டது! என் வீட்டில் சிறு பிள்ளைகள் இதையே ஒரு விளையாட்டாகச் செய்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. புலப்படாத எழுத்தையெல்லாம் பகைவனென்று கருதி ஒரேயடியாக அழித்துவிடக்கூடாது. நான் அந்தப் பிழையையும் செய்தேன். க் என்பதும் ஷ என்பதும் அடுத்தடுத்து வந்தால் அவை கூடி க்ஷ என்ற கூட்டெழுத்தாகிவிடும். ரிக்‌ஷா என்று பிரித்துக் காட்ட விரும்புவோர் நடுவிலே 8204 என்ற புலப்படாத எழுத்தைப் போடுகிறார்கள். ‘இவ்விருவரையும் சேர்க்காதே’ என்பது அதன் பொருள். இதற்கு இளையவர் 8205, ‘சேர்த்து வை’ என்பவர். நமது அடுத்த பிளாக்கில் இருக்கும் மலையாள நண்பர்கள் தங்கள் சில்லு எழுத்துக்களைப் பல காலம் இந்த 8205ஐக் கொண்டே எழுதி வந்தார்கள். 2008இல்தான் அவற்றிற்குத் தனி எண்கள் கிடைத்தன. பழைய கோப்புகளில் அதை அழித்தால் அவர்கள் பெயரின் வாலே அறுந்துபோகும். ஆகையால் முதலில் காண வேண்டும். பிறகே கை வைக்க வேண்டும்.

பணம் கையாளும் குடும்பங்களுக்காக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தின் ‘ஏ’ என்ற சிறிய எழுத்துக்கு 97. ருஷ்ய நெடுங்கணக்கில் அதே உருவத்தில் ஓர் எழுத்துண்டு, அதற்கு 1072. 2017ஆம் ஆண்டு ஒரு பொறியியலாளர், ஒரு பெரிய கம்பெனியின் பெயரை முழுக்க சிரில்லிக் எழுத்துக்களாலேயே எழுதி ஓர் இணைய முகவரியைப் பதிவு செய்து, சில உலாவிகளில் அது அசல் முகவரி போலவே தோன்றுவதை உலகத்துக்குக் காட்டினார். அவர் எச்சரிப்பதற்காகச் செய்தார். எல்லோரும் அப்படியிருக்கமாட்டார்கள். பாங்கியின் பெயரில் வரும் செய்தியிலுள்ள முகவரியைத் தொடாமல், நீங்களே உங்கள் கையால் அடித்துச் செல்லுங்கள்.

அந்த அம்மாளின் விஷயத்துக்கு வருகிறேன். மறுநாளே நிர்வாகக் குழுவிடம் நடந்ததைச் சொன்னேன். பொக்கிஷதாரரும் நானும் அவர்கள் குவார்ட்டர்ஸுக்குச் சென்று தொகையைக் கொடுத்தோம். ஏழு வாரத் தாமதம். அந்த ஏழு வாரத்தில் அவர்கள் கையிலிருந்த வளையலை அடகு வைத்துச் சடங்குகளை முடித்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் பணத்தை எண்ணவில்லை. “பட்டியலில் இவர் பெயர் இப்போது இருக்கிறதா, தம்பி?” என்று மட்டும் கேட்டார்கள். கைப்பேசியில் தேடிக் காட்டினேன். முதல் தட்டிலேயே வந்தது. நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வளையலை மீட்பதற்கான வட்டியை நான் கொடுக்க முன்வந்தபோது அவர்கள் ஏற்கவில்லை. பொக்கிஷதாரர் சங்கத்தின் சார்பில் கொடுப்பதாகச் சொல்லி ஒருவாறு இசையச் செய்தார்.

பழைய சிவப்பு அட்டைப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு பெயரையும் பட்டியலோடு ஒத்துப்பார்த்து வருகிறேன். ஸ்ரீக்கு ஸகரம் என்றும், கௌவுக்கு ஒரே குறி என்றும் குழுவில் முடிவு செய்து, அதன்படி திருத்தியிருக்கிறோம். வேலை இன்னும் முடியவில்லை. நுழைவாயிலின் வலப்பக்கத்து மேசையில் பட்டியலின் அச்சுப்படியையும் ஒரு கணிப்பொறியையும் வைத்திருக்கிறோம். என் மகளும் இரண்டு இளைஞர்களும் அங்கே இருப்பார்கள். சிற்றுண்டிக்குப் போகும் முன், உங்கள் பெயரை அச்சில் பார்ப்பதோடு நில்லாமல், கணிப்பொறியிலும் ஒருமுறை தேடச் சொல்லிப் பாருங்கள். ஸ்ரீ, கௌ, க்ஷ உள்ள பெயர்க்காரர்கள் தயவுசெய்து முதலில் வரவும். பழைய ரசீதுகள் வீட்டில் இருந்தால் எறிந்துவிட வேண்டாம்.